திரும்பி வரும் தண்ணீர்

போகும் தண்ணீரைவிடத் திரும்பி வரும் தண்ணீர் குளிர்ந்திருந்தது.

அவள் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த நீண்ட அறையில், ஒரு லாரி அளவுக்கு நின்று உறுமிக்கொண்டிருந்த சில்லர் மெஷினின் விலாவில், எண்ணெய்க் கூலர் என்று அவர்கள் சொல்லும் இரும்பு உருளை ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே இருக்கும் எல்லா மாடிகளுக்கும் குளிர்ச்சி அனுப்புவது மெஷினின் வேலை. மெஷினுக்குள் அசுர வேகத்தில் சுழலும் தண்டை நனைக்கும் எண்ணெய் கொதித்துப் போகாமல் பார்த்துக்கொள்வது இந்த உருளையின் வேலை. ஒரு குழாயில் தண்ணீர் உள்ளே போகும், எண்ணெயின் சூட்டை வாங்கிக்கொள்ளும், இன்னொரு குழாயில் வெதுவெதுப்பாக வெளியே வந்து மொட்டை மாடியிலிருக்கும் கூலிங் டவருக்குப் போய்ச் சேரும். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் அது கேட்பது. சூட்டை வாங்கிய தண்ணீர் சில்லென்று திரும்பி வந்தது என்றால், அடுப்பில் வைத்த பால் உறைந்து போனது என்று சொல்வதைப் போலத்தான்.

குழாயில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே போகும் குழாய் எப்போதும்போல் இருந்தது. வெளியே வரும் குழாயில் விரல் பட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பச்சைப் பெயின்ட்டின் மேல் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது.

"தண்ணிக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு போல, மேடம்," என்றார் பின்னால் வந்து நின்ற ஃபிட்டர். வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்றே பேர் நிலைத்துவிட்டது; சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

"விளையாடாதீங்க. நீங்களே தொட்டுப் பாருங்க."

குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார். சிரித்த வாய் அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"எண்ணெய் எவ்வளவு காட்டுது?"

"அது சரியாத்தான் இருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அப்ப எண்ணெய்லேருந்து சூடு வெளிய போகுது. ஆனா தண்ணிக்கு வந்து சேரல." அவர் பஞ்சில் கையைத் துடைத்தார். "நடுவுல எங்கதான் போகுது?"

துடைத்த கையை அவர் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

வேறொரு நாளாக இருந்திருந்தால் மெஷினை நிறுத்தி உருளையைத் திறந்து பார்த்திருப்பார்கள். இன்று முடியாது. இரண்டாவது மெஷின் சர்வீஸுக்காகப் பிரிக்கப்பட்டு, மூடிகள் கழன்று, செப்புக் குழாய்கள் வெளியே தெரிய எதிரில் கிடந்தது. ஓடுவது இது ஒன்றுதான். நான்காம் மாடி ஆபரேஷன் தியேட்டரில் காலையிலிருந்து நெஞ்சு பிளந்து படுத்திருப்பது அவளுடைய அண்ணன்.

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். அப்பா போன பிறகு, பள்ளிக்கூட வாசலில் பதினாறு டன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஊரே திரும்பிப் பார்க்க ஹாரன் அடித்து அவளை வீட்டுக்கு அழைத்துப் போனவர். இன்று ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும், "கீழ உன் மெஷினை ஒழுங்கா ஓட்டு பாப்பா. மேல எனக்கு வேர்த்துச்சுன்னா பாதியில எந்திரிச்சு வந்துடுவேன்," என்றார். அண்ணி சிரித்தாள், சிரித்த வாயோடு அழுதாள். ஃபோர்மேன் இவளை லீவு போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். தியேட்டர் வாசலில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. இங்கே ஏதோ ஒன்றாவது தன் கையில் இருக்கிறது என்று நினைத்துத்தான் வேலைக்கு வந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எண்ணெய்ச் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. கூலருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தானியங்கி வால்வு, மூடிய நிலையிலேயே இறுகிப் போய்விட்டது. ரேடியோ அதைத் தட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். அசையவில்லை.

பக்கவழியில் இன்னொரு வால்வு இருந்தது. சோதனை பார்ப்பதற்காக யாரோ எப்போதோ மாட்டியது. அதன் குட்டைக் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்தால் தண்ணீர் போகும். விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாக மூடிவிடும். அது இருந்த இடம்தான் தொல்லை. உருளைக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடியும் என்கிற சந்து.

"என் தொப்பைக்கு இந்தச் சந்து பத்தாது மேடம். நீங்க பிடிச்சுக்குங்க. நான் ஸ்டோருக்குப் போய்ப் புது வால்வு எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

அவள் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நுழைந்தாள். முதுகில் சுவர். மார்புக்கு முன்னால் உருளை. வலது கையால் கைப்பிடியை அழுத்தினாள். தண்ணீர் பாயும் அதிர்வு முழங்கை வரை ஏறியது. அவர் மேஜை மேலிருந்த போனை நீள வயரோடு இழுத்துவந்து, சந்தின் வாயில் ஒரு டிரம்மின் மேல் வைத்தார். ஸ்பீக்கர் பட்டன் அவள் இடது கைக்கு எட்டியது.

"கை கடுத்தாலும் விட்டுடாதீங்க. விட்டா எண்ணெய் சூடாகி மெஷின் நின்னுடும். நின்னுச்சுன்னா இன்னைக்கு மறுபடி எடுக்காது."

"தெரியும். சீக்கிரம் போயிட்டு வாங்க."

"துணைக்கு வேணா ஒரு பாட்டுப் பாடிட்டுப் போகட்டுமா?"

"போங்க ரேடியோ."

கனத்த இரும்புக் கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

மெஷினின் உறுமல் அவளைச் சுற்றி ஒரு கம்பளியைப் போல இறங்கியது. எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தமே அவளுக்கு ஒரு மௌனமாகிவிட்டிருந்தது. அதற்குள் பம்பின் முனகல் தனியாகவும், காற்றாடியின் கிரீச்சொலி தனியாகவும், மேலே எங்கோ கழிவு நீர் இறங்கும் சலசலப்பு தனியாகவும் அவளுக்குக் கேட்கும். எண்ணெய் வாடையும், டவர் தண்ணீரில் கலக்கும் மருந்தின் நெடியும், அவளுடைய சொந்த வியர்வையும் அந்தச் சந்தில் தேங்கி நின்றன. பேனல் விளக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியதைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

எந்த வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் புழுங்கிக்கொண்டே இருக்கும் அறை இது. பனியன் நனையாமல் யாரும் இங்கிருந்து வெளியே போனதில்லை. அவள் இன்னொரு முறை ஊதிப் பார்த்தாள். மறுபடி வெள்ளையாக ஆவி வந்து, உருளையின் மேல் படிந்தது. படிந்த இடத்தில் கலையாமல் உள்ளே இழுபட்டதுபோல் மறைந்தது.

போன் அடித்தது. இடது கையால் அழுத்தினாள்.

"ஏம்மா, நான்தான்," என்றாள் அண்ணி. "இப்பதான் நர்ஸ் வந்து சொல்லிட்டுப் போனாங்க. உடம்பைச் சில்லுன்னு ஆக்கி, நெஞ்சை நிறுத்தி வெச்சுட்டுத்தான் வேலை செய்யறாங்களாம். முடிஞ்சதும் மறுபடி சூடேத்துவாங்களாம். நிறுத்தின நெஞ்சு திரும்ப ஓடுமாம்மா?"

"அது வழக்கமா செய்யறதுதான் அண்ணி. பயப்படாதீங்க."

"நீ சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத. குரலே நடுங்குது உனக்கு."

"இங்க கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான்."

"அங்கயா? அந்தக் கொதிகலனுக்குள்ளயா?" என்று அண்ணி கேட்டாள். அவள் பட்டனை மறுபடி அழுத்திப் போனை வைத்துவிட்டாள்.

குளிர் உருளையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் குளிரைப் போல அது இல்லை. அந்தக் குளிர் வந்து அடிக்கும், இது இழுத்தது. சட்டையின் முன்பக்கத்தில், தொடையில், கன்னத்தில், எங்கெல்லாம் உருளை அவளுக்கு அருகில் இருந்ததோ அங்கெல்லாம் அவள் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று நூல் நூலாகப் பிரிந்து அந்த இரும்புக்குள் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்த சுவர் மட்டும் சுவராகவே இருந்தது. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு விரற்கடை இடம்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் வாடையையும் கவனித்தாள். எண்ணெய் வாடை போய்விட்டிருந்தது. ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்து, வருஷக்கணக்கில் மறந்துவிட்டால் வரும் வாடை.

அவளுக்குப் பயம் வந்தது. பயந்த உடனேயே வேலை தெரிந்தவளாக யோசிக்கவும் செய்தாள். கைப்பிடியைக் கட்டிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். இடது கையால் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, கைப்பிடியில் சுற்றி, கீழே இருந்த குழாயோடு சேர்த்து இறுக்கினாள். பல்லால் இழுத்து முடிச்சை இன்னும் இறுக்கினாள். மெல்ல வலது கையை எடுத்தாள்.

பெல்ட் தாங்கியது. ஒரு அடி நகர்ந்தாள். இன்னும் ஒரு அடி. ஒரு தோள் சந்தின் வாயைத் தாண்டியது.

பின்னால் முடிச்சு அவிழ்ந்தது.

அறுந்திருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். வழுக்கியிருந்தாலும் புரிந்துகொண்டிருப்பாள். திரும்பிப் பார்த்தபோது, பெல்ட்டின் நுனி முடிச்சுக்குள்ளிருந்து பொறுமையாக, சுற்றுச் சுற்றாக, தானே வெளியே வந்துகொண்டிருந்தது. கைப்பிடி மேலே எழும்பியது. பேனலில் மஞ்சள். உடனே சிவப்பு மினுக்கல். மெஷினின் உறுமல் ஒரு ஸ்தாயி மேலே போனது.

பாய்ந்து போய்க் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினாள். நிலை தடுமாறி இடது கையைத் திரும்பி வரும் குழாயின் மேல் ஊன்றினாள்.

மினுக்கல் நின்றது. பச்சை.

குழாய்க்குள் ஏதோ தட்டியது.

டொக்.

தண்ணீரில் காற்றுக் குமிழ் மாட்டினால் இப்படிச் சத்தம் வரும். அவள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். காற்றுக் குமிழ் ஒரே இடத்தில் தட்டாது, ஓடிவிடும். இது அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே தட்டியது. டொக். டொக். நகத்தால் தட்டுவதுபோல. கையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். தட்டலும் தள்ளி வந்தது.

அவளுடைய நெஞ்சும் அதே தாளத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது என்பது கொஞ்ச நேரம் கழித்தே அவளுக்கு உறைத்தது.

போன் அடித்தது. குழாயிலிருந்து கையைப் பிய்த்து எடுத்து அழுத்தினாள். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் குழாயோடு போனது. வலிக்கவில்லை.

"ஏம்மா…" அண்ணியின் குரல் உடைந்திருந்தது. "ஆபரேஷன் முடிஞ்சுடுச்சாம். எல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்களாம். ஆனா சூடு ஏற மாட்டேங்குதாம்."

"என்ன சொல்றீங்க?"

"சூடேத்தச் சூடேத்த எங்கேயோ போயிடுதாம். டாக்டருக்கே புரியலியாம். சூடு ஏறலன்னா நெஞ்சு ஓடாதாம்மா. இப்படி ஒரு ஆளைப் பாத்ததே இல்லன்னு உள்ளயே பேசிக்கறாங்களாம். உங்க மெஷின்ல ஏதாவது கோளாறா? கேளேன் யாரையாவது. கேக்கறியா?"

"கேக்கறேன் அண்ணி," என்றாள். "நான் கேக்கறேன். போனை வைக்காதீங்க."

நடுவுல எங்கதான் போகுது.

அவள் உருளையைப் பார்த்தாள். ஒரு பெரிய பால் கேனைப் படுக்கப் போட்டதுபோல, பச்சைப் பெயின்ட்டோடு, வழக்கமான நட்டும் போல்ட்டுமாக அது இருந்தது. தினமும் துடைத்திருக்கிறாள். மேலே டீ டம்ளர் வைத்திருக்கிறாள். இந்த இரும்புக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே எத்தனை குழாய், எத்தனை சுவர். ஒன்றோடு ஒன்றுக்குச் சம்பந்தமே கிடையாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே குனிந்து, அந்தக் குளிர்ந்த இரும்பில் வாயை வைத்தாற்போல், போனில் அண்ணிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அவர விட்டுடு. வேணும்னா என்னோடத எடுத்துக்க."

தட்டல் நின்றது.

மெஷின் ஓடியது. பம்ப் முனகியது. போனில் அண்ணியின் மூக்குறிஞ்சல் கேட்டது.

பிறகு கைப்பிடி அவள் விரல்களை உள்ளே வாங்கிக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வது. அவள் அதைப் பிடித்திருந்தாள். இப்போது அது அவளைப் பிடித்திருந்தது. மணிக்கட்டுக்குள் ஏதோ கழன்றது. முழங்கைக்குள் கழன்றது. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியதும் தண்ணீர் சுழன்று இறங்குமே, அப்படித் தோளிலிருந்து, கழுத்திலிருந்து, வயிற்றின் அடியிலிருந்து எல்லாம் அந்தக் கை வழியாக இறங்கியது.

விட்டுவிடப் பார்த்தாள். விரல் மடங்கியபடியே இருந்தது. இடது கையால் ஒவ்வொரு விரலாக நெம்பினாள். கல்லை நெம்புவதுபோல.

டொக்.

தட்டல் மறுபடி தொடங்கியது. முன்பு அவள் நெஞ்சோடு சேர்ந்து அடித்தது. இப்போது அது முதலில் தட்டியது. நெஞ்சு அதற்குப் பின்னால் அடித்தது.

டொக். அடித்தது.

டொக். அடித்தது.

அது தாமதித்தது. நெஞ்சும் காத்திருந்தது.

கத்த வேண்டும். காற்று இல்லை.

டொக்.

அடித்தது.

"ஏம்மா, கேக்குதா?" அண்ணி சிரித்துக்கொண்டே அழுதாள். "ஏறுதாம்! சூடு ஏறுதாம்! இப்பதான் சொன்னாங்க. நெஞ்சு தானா ஓட ஆரம்பிச்சுடுச்சாம். என் தெய்வமே… நீ என்னம்மா செஞ்ச? யார்கிட்ட சொன்ன?"

அண்ணன் பிழைத்துவிட்டார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷம் எந்த இடத்தில் வரும் என்பது ஞாபகம் இருந்தது. அந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை.

போதும், என்று நினைத்தாள். பேச வாய் வரவில்லை. அவர் பிழைச்சுட்டார். போதும். விடு.

அது விடவில்லை.

குளிர் நின்றுவிட்டிருந்தது. குளிரைத் தெரிந்துகொள்ள அவளிடம் சூடு மிச்சமில்லை. சுவர் முதுகில் இருக்கிறதா என்று தெரியவில்லை. கால் தரையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. கண் மட்டும் இருந்தது. எதிரில் திரும்பி வரும் குழாயின் மீட்டர். அதன் முள் எழும்பியது. தண்ணீர் வெதுவெதுப்பாகத் திரும்பத் தொடங்கியது. முள் மெதுவாக ஏறி ஒரு இடத்தில் நின்றது.

ஒரு மனுஷ உடம்பின் சூட்டில்.

இரும்புக் கதவு திறந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம், ஸ்டோர் சாவி வெச்சிருக்கறவன் டீ குடிக்கப் போயிட்டான். அவனைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள…" ரேடியோ பேசிக்கொண்டே வந்தார். பாதி வழியில் நின்றார். "என்ன இது, இங்க ஐஸ் கம்பெனி நடத்தறீங்களா?"

அவர் பேசப் பேச வாயிலிருந்து வெள்ளையாக, கொழுத்த ஆவி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். தன் வாய்க்கு முன்னால் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை.

"மேடம்? உதடெல்லாம் நீலமா இருக்கு. வாங்க வெளிய. மெஷின் போனா போகட்டும்."

தொடாதீங்க. அவள் சொன்னாள். முழு மூச்சையும் சேர்த்துச் சொன்னாள். வாய் அசையவில்லை. உருளைக்குள், ஆழத்தில், அவசர அவசரமாக யாரோ தட்டினார்கள்.

டொக் டொக் டொக் டொக்.

"பைப்புல என்னமோ தட்டுதே," என்றார் அவர். தொப்பையைச் சந்தின் வாயில் அழுத்திக்கொண்டு, ஒரு கையை உள்ளே நீட்டி, உள்ளங்கையை அகலமாகக் குழாயின் மேல் வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, வெதுவெதுன்னு இருக்கு. சரியாயிடுச்சு மேடம்."

அவளுடைய வலது கை கைப்பிடியை விட்டது.

எவ்வளவு நேரம் நெம்பியும் வராத விரல்கள், பூப் பறிப்பதுபோல லேசாகப் பிரிந்தன. கை மேலே எழும்பியது. சந்தைத் தாண்டியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதை நகர்த்தவில்லை.

அது போய் அவர் கையின் மேல் உட்கார்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன.

"உங்க கை என்ன இப்படி…" என்றார் ரேடியோ. மிச்சத்தைச் சொல்லவில்லை.

"ஹலோ? ஏம்மா? கேக்குதா?" என்றது போன்.

அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்த ஆவி மெலிந்தது. இன்னும் மெலிந்தது. பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சந்தின் இருட்டில், யாருடைய கையும் இல்லாத கைப்பிடி, கீழே அழுந்தியபடியே இருந்தது.